சவுனாக் கதவின் கைப்பிடி

டொய்வோலா, மிச்சிகன்
அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கைசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த டனீடன் ஊர்க் காற்றில் சளி பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, ஒன்றுமில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்காதே. நோயாளிகளுக்கு அவ்வளவு புத்தி சொல்கிறாயே, அதில் கொஞ்சம் உனக்கும் சொல்லிக்கொள். இங்கே முதல் பனி விழுந்து உடனே கரைந்தும் விட்டது. ஆப்பிள் எல்லாம் பறித்தாகிவிட்டது. கோழிக் கூண்டை நரி பிய்த்தது, உன் அப்பாவிடம் கம்பி கட்டச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், கடைசியில் நானே கட்டினேன். அந்த மனுஷனுக்குத்தான் அவருடைய துப்பாக்கியைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கண்ணில் படாதே. இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான். போனில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் தாத்தாவின் பழைய பட்டாளத்துத் துப்பாக்கி உனக்குத் தெரியும். நம் ஊரில் உலகச் சண்டைக்குப் பிறகு அந்த மாதிரித் துப்பாக்கி வாங்காத வீடு கிடையாது, வாங்கியதும் முன்பக்கத்து மரத்தை ரம்பத்தால் அறுத்து எறியாத வீடும் கிடையாது. மான் வேட்டைக்கு நீளம் எதற்கு, கனம் எதற்கு என்பார்கள். உன் தாத்தா ஒருத்தர்தான் அறுக்க மாட்டேன் என்று முழுசாக வைத்திருந்தார். அவர் கண்ணை மூடிய அதே இலையுதிர் காலத்தில் வைனோ பெரியப்பா அதை அறுத்தார், அதைப் பார்த்த உன் அப்பா அண்ணன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து அலமாரியில் போட்டார். அவருக்கு அப்போது பதினேழு வயது. அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, தேவாலயத்தில் ஆளுக்கொரு ஓரம் உட்கார்ந்துகொண்டு, உன் கல்யாணத்தில்கூடப் பந்தலின் இரண்டு மூலையில் நின்றார்களே, அது உனக்கே தெரியும். நானும் நீயும் பெரியப்பா வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்ததை உன் அப்பா தடுத்ததில்லை, கேட்டதும் இல்லை. ஆனால் நீ டனீடன் போன பிறகு ஒன்று மாறிவிட்டது கண்ணு. பெரியப்பாவுக்குச் சுரங்கத்துத் தூசி நெஞ்சை முழுசாக அடைத்துவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர். இந்தப் பனிக்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். உன் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார். கட்டின புருஷனைக் கன்னத்தில் அறையலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது, மறைப்பானேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஒரே தவம், அந்தத் துப்பாக்கியைத் தாத்தா வைத்திருந்தபடி முழுசாக ஆக்குவது. அதற்காக எந்த ஊரில் துப்பாக்கிச் சந்தை போட்டாலும் வண்டியை எடுத்துவிடுவார். ஆகஸ்டில் ஒரு சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன் அம்மாடி. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கு முழுக்க மேஜை, மேஜை முழுக்கத் துப்பாக்கிக் குழலை மரத்தோடு கட்டும் பூணும் இரும்பு வில்லும் திருகாணியும், ஒவ்வொன்றும் எண்ணெய்த் தாளில் சுற்றி, குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி. பெரிய பெரிய உடம்புக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன வில்லை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். எந்த வருஷத்துத் துப்பாக்கிக்கு எந்த நிறத்துப் பூண், எந்தப் பட்டறை செய்த மரக்கட்டையில் எந்த முத்திரை, எல்லாம் ஒத்துப்போக வேண்டுமாம், ஒன்று மாறினாலும் தூக்கம் வராதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. எந்தப் பட்டாளத்துப் பிள்ளை எந்த ஊர்ச் சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்ததோ, அதில் ஒரு திருகாணி இங்கே நம் கண் முன்னால் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஒஹையோவிலிருந்து வந்த டெல்பர்ட் என்கிற ஒரு வியாபாரியிடம் அறுபட்ட துப்பாக்கி மரத்தின் அரைக்கட்டைகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தன. எல்லாமே பின்பாதி. முன்பாதி ஒன்றுகூட இல்லையே என்று நான் கேட்டேன். அந்த ஆள் சொன்னார், "முன்பாதியா? அதையெல்லாம் உங்க ஊரு ஆளுங்கதான் வேட்டைக் குடிசை அடுப்புல போட்டுக் காப்பி வச்சிட்டாங்களே அம்மா." எத்தனை ஆயிரம் வீட்டில் எத்தனை ஆயிரம் துண்டுகள் இப்படிப் போயிருக்கும், நினைத்துப் பார். அதனால்தான் முழுக்கட்டைக்கு அவ்வளவு கிராக்கி. உன் அப்பா தேடிய அதே வருஷத்து, அதே முத்திரை போட்ட முழுக்கட்டை ஒன்று அன்றைக்கு டெல்பர்ட்டின் வண்டிக்குள்ளே போர்வையில் சுற்றி இருந்தது. அதைக் கையில் வாங்கியபோது உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நீ பிறந்த அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து அந்தக் கட்டையின் மேல்பக்கத்தில் வைத்து, இரும்புக் குழல் படுப்பதற்காகக் குடைந்த நீளப் பள்ளத்தில் என் விரலை ஓட்டிக் காட்டினார், எவ்வளவு வழவழப்பு பார் ஹெல்மி, ஒரு இடத்தில் தட்டுகிறதா பார் என்றார். தட்டவில்லை. வால்நட் மரம், நூறு வயது, நேற்றுச் செதுக்கியது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உடனே மாற்றிவிடுவார் என்று பார்த்தால், அதற்கு மூன்று விதமான எண்ணெய் தடவ வேண்டும், ஊற வேண்டும், காய வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை பெரியப்பாவுக்கு இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டியும் ஏலக்காய் ரொட்டியும் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு இனிமேல் கொல்லையில் இருக்கும் சவுனா நீராவிக் குடிசையில் உட்கார முடியாது, ஆனாலும் சனிக்கிழமை அதில் நெருப்பு மூட்டாவிட்டால் அவருக்கு மனசு கேட்காது, நீயாவது போய்க் குளி என்று என்னை அனுப்பினார். உள்ளே போய் நன்றாக வியர்த்து, வெளியே வருவதற்காகக் கதவின் உள்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். நீயும் நானும் எத்தனை வருஷமாகப் பிடித்த கைப்பிடி, கறுத்துப்போன மரத்துண்டு, அதை ஒரு நாளாவது நின்று பார்த்திருப்போமா? அன்றைக்கு என் விரல்கள் வளைந்து அதன் பின்பக்கம் போனபோது ஒரு பள்ளத்தில் இறங்கின. நீளமாக, உருண்டையாக, வழவழப்பாக. விரலை மேலே ஓட்டினேன், கீழே ஓட்டினேன், ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. கடவுளே என்று அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரே அடுப்பில் போட்ட முன்பாதியை இந்த மனுஷன் போடவில்லை கைசா, கதவில் வைத்திருக்கிறார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உடுத்திக்கொண்டு, ஈரத் தலையோடு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். நீ சரியாகப் பார்த்தாயா என்று கேட்டார், பார்க்கவில்லை, தொட்டேன் என்றேன். பிறகு அறுபட்ட பழைய கட்டையிலேயே துப்பாக்கியைத் திரும்பப் பூட்டினார், குண்டு இல்லை, காலிதான் என்று இரண்டு தரம் திறந்து பார்த்தார், வண்டியை நீ ஓட்டு என்றார். பெரியப்பா வீட்டு வாசலில் இறங்கி நின்றவருக்குக் கதவைத் தட்டக் கை வரவில்லை. நான்தான் தட்டினேன். பெரியப்பா குழாயை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்து தம்பியைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், "பூட்ஸைக் கழட்டிட்டு வா, இப்பதான் தரை துடைச்சேன்" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. இவர்கள் வம்சத்தில் யாருக்காவது நாக்கு இருக்கிறதா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

சவுனாக் கதவிலிருந்து கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தது நான். சமையலறை மேஜையில் துணி விரித்து, அந்தத் துண்டையும் துப்பாக்கியின் அறுபட்ட முனையையும் சேர்த்து வைத்தோம். ஒன்று அலமாரி இருட்டில் வெளுப்பாகவே கிடந்தது, ஒன்று சூட்டிலும் ஆவியிலும் நம் கை எண்ணெயிலும் கறுத்துக் கிடந்தது. ஆனால் மரத்தின் ரேகை இருக்கிறதே, அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அப்படியே ஓடியது. ரம்பத்தின் கனம் அளவுக்குத்தான் இடைவெளி, அதைத் தாண்டி ஒவ்வொரு கோடும் தன் இடத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு வயசாகியும் மரத்துக்கு மறதி இல்லையே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அப்பாவோ பட்டறைப் பேச்சுக்குப் போய்விட்டார், உள்ளே ஒரு எஃகு ஊசி வைத்து ஒட்டலாம், ஆனால் அறுத்த இடம் பூணுக்குச் சற்று முன்னால் இருக்கிறது, பூணுக்குள் மறையாது, தழும்பு தெரியும், தெரிந்தால் தெரியட்டும், புதுக்கட்டை வேண்டாம், இதுதான் அப்பாவின் மரம் என்று சொல்லிக்கொண்டே போனார். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒட்டுறதுன்னா ஒட்டிக்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை தோள்ல வச்சுப் பாரு" என்றார்.

நீ நம்பமாட்டாய், இத்தனை வருஷத்தில் உன் அப்பா அதை ஒரு தடவைகூடத் தோளில் வைத்ததில்லை. கழற்றுவார், துடைப்பார், வருகிறவர்களிடமெல்லாம் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, அறுத்தது போதாதென்று இங்கே கத்தியால் எப்படிக் கொத்திக் குடைந்திருக்கிறான் பாருங்கள் என்று ஏசுவார், அவ்வளவுதான். இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தூக்கினார். அவருடைய இடது கை உனக்குத் தெரியுமே, பதினாறு வயதிலேயே மரம் வெட்டும் இடத்தில் முறிந்து வளைந்தே கூடியது, முழுசாக நீளாது. எந்தத் துப்பாக்கியைப் பிடித்தாலும் அந்தக் கை பாதியிலேயே நின்று தடுமாறும். அன்றைக்கு அது தடுமாறவில்லை. வளைந்த கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போய், அந்தக் குடைந்த குழியில் உட்கார்ந்தது. உள்ளங்கைக்கு ஒரு பள்ளம், கட்டைவிரலுக்கு ஒரு சின்ன மேடு. குழல் ஆடாமல் நின்றது. இவர் அப்படியே நின்றார், இறக்கவே இல்லை.

பெரியப்பா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார், "நீ தூங்குறப்ப உன் கையை அளவெடுத்தேன். முன்னாடி கனமா இருந்தா உன்னால தாங்க முடியாது, அதான் அறுத்தேன். கேட்டிருந்தா விட்டிருப்பியா? கை வளைஞ்சிருக்குன்னு யாராச்சும் சொன்னாலே கடிக்க வருவ." அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம், இரண்டு பேர் மேலும். பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார், "பிடுங்கிட்டுப் போனானே, தோள்ல வச்சுப் பார்ப்பான், அவனுக்கே தெரியும்னு நினைச்சேன் ஹெல்மி."

உன் அப்பா துப்பாக்கியை மேஜையில் வைத்தார். அந்தக் கறுத்த துண்டை எடுத்துக்கொண்டு, பூட்ஸ்கூடப் போடாமல் காலுறையோடு ஈரத்தில் நடந்து சவுனாவுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. பெரியப்பாவும் நானும் ஜன்னல் வழியாகச் சவுனாவின் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது, கை வெறுமையாக இருந்தது. அண்ணனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கைப்பிடித் திருகாணி ரெண்டும் லொடலொடன்னு இருந்துச்சுண்ணே, இறுக்கி வச்சிட்டேன்" என்றார். பெரியப்பா தலையை ஆட்டினார். பிறகு இரண்டு பேரும் ரொட்டியைத் தின்றார்கள், மான் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பேசினார்கள். புதுக்கட்டையை டெல்பர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார் உன் அப்பா. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும்போது அறுபட்ட துப்பாக்கியோடுதான் காட்டுக்குப் போகப்போகிறார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கடவுள் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். சளிக்குத் தேன் போட்டு வெந்நீர் குடி. மறக்காமல் ஒன்று செய், பெரியப்பாவுக்குப் போன் போடு, இந்த வாரமே போடு. அவரால் அதிகம் பேச முடியாது, நீயே பேசு, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இங்கே மத்தியானமாக இருக்கும்போது போட்டால் உன் அப்பாவே எடுப்பார், இப்போதெல்லாம் தினமும் அங்கேதான் இருக்கிறார்.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ஹெல்மி