உன் சால்வையில் பாதி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? நானும் என் தொப்பையும் சௌக்கியம்.

ஒரு வாரமாக உனக்கு நீலக் கம்பளிச் சால்வை பின்னினேன். "அண்ணி குடுத்து வச்சவங்கண்ணே!" என்று உருகினான் என் அறைக்கார டிரைவர். நேற்று சூப்பர்வைசர் தலையில் புது நீலக் குல்லா.

"உங்க ரூம் டிரைவர் பின்னிக் குடுத்தான்யா!" என்றார்.

குல்லா உச்சியில் நான் நூல் இணைக்கப் போடும் இரட்டை முடிச்சு! அறையில் சால்வை பாதிதான் இருந்தது.

"லீவு வாங்கணும்னா காக்கா பிடிக்க வேணாமாண்ணே? பாதியத்தானே பிரிச்சேன்!" என்கிறான். அவனுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்த குரு உன் புருஷன்தான். சிரித்துக்கொள்.

நீலக் கம்பளி நூல்கண்டு இரண்டு அனுப்பு. உன் தோள் அகலத்தையும் அளந்து எழுது. இதுவரை ஞாபகத்தில்தான் பின்னினேன். இப்போது அதையும் நம்பப் பயமாக இருக்கிறது.

வேலைக்குப் போகும் வேன் ஹார்ன் அடிக்கிறது. ஓட்டுபவன் அவன்தான். ஏறித்தானே ஆகவேண்டும்?

உன் ஏமாளி