கல்யாணத்துக்கு அந்தப் பலகை வராது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டித்தனம் பண்ணுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஆய்வகத்தில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்காமல் நடுநடுவே உட்கார வேண்டும். உன் கடிதமும் நீ வரைந்து அனுப்பிய பழத்தோட்டத்துப் படமும் போன வாரமே வந்துவிட்டன. படத்தை அப்பா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார், தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வருகிறார். மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம், ஊருக்கு வெளியே மாப்பிள்ளையின் சிநேகிதர் தோட்டத்தில் புல்தரையில் விரிப்பு போட்டு, மரத்துக்கு மரம் கயிறு கட்டித் துணிக்கொடி தொங்கவிட்டு, அறுபது பேருக்கு மேல் போகாமல், எல்லாவற்றையும் அவரவர் கையாலேயே செய்து கல்யாணம் என்று எழுதியிருந்தாய். அதற்கு ஒரு பேரும் போட்டிருந்தாய், போஹீமியன் என்று. எனக்கு விளங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சரைக் கேட்டேன். கட்டுதிட்டம் இல்லாம, மனசுக்குப் பிடிச்ச மாதிரி, கொஞ்சம் கலைஞ்சாப்பல இருக்கும்க்கா என்றாள். கலைந்தாற்போல என்றால் எங்கள் வீடு முப்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே வேலை மும்முரமாக நடக்கிறது. பூ வைக்க நாற்பது பழைய பாட்டில் கேட்டாய் அல்லவா, அப்பா பணிமனையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலையிலும் இறங்கியதில்லை. தெருவில் வீடு வீடாகப் போய்க் காலி பாட்டில் வாங்கி வந்து, வாளியில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, வெயிலில் கவிழ்த்து வைக்கிறார். வாசல் முழுக்கப் பாட்டில். கீழ்வீட்டுக்காரி நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணனுக்கு எப்போலேர்ந்துக்கா இந்தப் பழக்கம், எங்க வீட்டுக்காரர்கிட்ட வேணா பேசிப் பார்க்கச் சொல்லட்டுமா என்று அவ்வளவு கரிசனமாகக் கேட்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை பழைய திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டிக் கொடி தைக்கிறாள். இதெல்லாம் ஒரு கல்யாணமா, பட்டறை மாதிரி இருக்கு என்று மூக்கால் அழுதுகொண்டேதான் தைக்கிறாள், ஆனால் தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. உன்னிடம் நான் கேட்க வேண்டியவை சில உண்டு. மழை வந்தால் அறுபது பேரும் எங்கே ஒதுங்குவது. அந்தத் தோட்டத்தில் கழிப்பறை எத்தனை. விரிப்பில் உட்காருவது உங்களுக்கு அழகாக இருக்கும், அத்தையையும் அவள் வீட்டுக்காரரையும் தரையில் உட்காரவைத்தால் எழுப்புவதற்கு ஆள் கூப்பிட வேண்டும், அதனால் பதினைந்து நாற்காலியாவது வேண்டும், ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலியாக இருந்தால் இன்னும் நல்லது என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்படியே ஆகட்டும்.

இனி எழுத வேண்டியதுதான் எனக்குக் கஷ்டம். மூன்று தடவை போனில் சொல்ல நினைத்து மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். பரணில் இருக்கும், முன்பு சமையலறையில் மாட்டியிருந்த கரும்பலகையைத் துடைத்து அனுப்பச் சொன்னாய். தோட்டத்து நுழைவில் அதைச் சாய்த்து வைத்து, அம்மாவும் அப்பாவும் எழுதிக்கொண்ட பலகை என்று மேலே போட்டு, வருகிறவர்கள் எல்லாரும் சாக்பீஸால் ஆளுக்கு ஒரு வரி அன்பாக எழுத வேண்டும் என்று. அதோடு விட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு அனுப்பியிருப்பேன். நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். நீயும் மாப்பிள்ளையும் இப்போது சேர்ந்து இருக்கும் வீட்டிலும் ஒரு பலகை மாட்டியிருக்கிறீர்கள், கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே குடிபோகலாம் என்று அவர் சொல்ல, நீ ஆய்வகத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்ல, அன்றிலிருந்து பத்து நாளாக அதைப் பற்றி வாய்ப்பேச்சே இல்லை, எல்லாம் பலகையில்தான், அவர் யோசிக்கிறேன் என்று எழுதினார், நீ சரி என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பூ போட்டாய், சண்டையே வரலம்மா, உங்க ரெண்டு பேர்கிட்டேர்ந்து கத்துக்கிட்டது என்று. அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு நாள் அப்பாவிடம்கூடக் காட்டவில்லை.

பாப்பா, அந்தப் பலகை அன்பாக எழுதிக்கொண்ட பலகை இல்லை. நானும் உன் அப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்த காலத்தில் எழுதியது. இரண்டு வருஷம் நான்கு மாதம். உனக்கு அப்போது நாலரை வயது. நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, அன்றைக்கு முதல் ஆய்வு, மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். உன் மாமா அப்பாவின் பணிமனைக்குப் போன் செய்து, உன் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ரொம்ப முடியவில்லை, அக்காவை உடனே அனுப்புங்க என்று காலையிலேயே சொல்லியிருக்கிறான். உன் அப்பா என்ன நினைத்தார் என்றால், ஆய்வு முடியட்டும், நடுவில் எழுந்து போனால் புது வேலைக்கே ஆபத்து, சாயங்காலம் சொன்னால் போதும் என்று. சாயங்காலம்தான் சொன்னார். நான் போய்ச் சேருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் என் அப்பா போய்விட்டார். கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். உன் நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்தேன் என்றார் உன் அப்பா. இனிமே உங்ககிட்ட எனக்குப் பேச்சே கிடையாது என்றேன் நான். சொன்னதைச் செய்யும் புத்தி எனக்கு என்று எல்லாரும் மெச்சுவார்களே, அந்தப் பாழாய்ப்போன புத்தியால் செய்தேன். என் கோபம் நியாயமான கோபம், இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவர் முதல் சில மாதம் சமையலறை வாசலில் வந்து நின்று நின்று போவார், நான் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன். பிறகு அவரும் நிற்பதை விட்டுவிட்டார்.

குழந்தையைத் தூது அனுப்பக் கூடாது, குழந்தை முன்னால் குரல் உயரக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் பேசாமலே ஒரு ஒப்பந்தம். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட சின்னக் கரும்பலகையைக் கொண்டுவந்து அடுப்புக்கு எதிரே மாட்டினேன். பால் தீர்ந்தது. சனிக்கிழமை இரட்டை ஷிப்ட். பாப்பாவுக்கு நாலு மணிக்கு மருந்து. அவ்வளவுதான் எங்கள் குடும்பம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சத்தமே இல்லாத வீடு என்று மெச்சினார்கள், நானும் அதைக் கேட்டு உள்ளுக்குள் நிமிர்ந்துகொண்டேன், வெட்கக்கேடு. நீ அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாய். ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் வரிகளுக்கு நடுவே பூவும் சூரியனும் வரைவாய். உனக்கு நினைவில் நிற்பது அந்தப் பூக்கள். அவற்றை வரைந்தது நீ ஒருத்திதான், நாங்கள் இல்லை.

அது எப்படி முடிந்தது என்பது உனக்கு நினைவில்லை என்று தெரியும், பள்ளிக்கூடத்தில் விழுந்து கை ஒடிந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய், நாங்களும் திருத்தவில்லை. விடுமுறை நாள், மத்தியானம். நான் முன்னறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன், அப்பா பின்பக்கம் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார். நீ பக்கத்துச் சந்தில் சுவரேறி விழுந்திருக்கிறாய். எங்கள் யாரிடமும் வரவில்லை, அழவும் இல்லை. நேரே சமையலறைக்குப் போய் ஸ்டூலில் ஏறி, வலது கை தொங்க, இடது கையால் பலகையில் எழுதிவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டாய். தண்ணீர் குடிக்க நான் உள்ளே போனது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து. கை வலிக்குது என்று கோணல்மாணலாக இருந்தது, ஒரு எழுத்து திரும்பியிருந்தது, பக்கத்தில் வழக்கம்போல ஒரு பூ. உன் மணிக்கட்டு வீங்கிக் கருத்திருந்தது. ஏன்டி கண்ணு கூப்பிடல, அம்மா அங்கதானே இருந்தேன் என்றேன். நம்ம வீட்ல எழுதித்தானேம்மா சொல்லணும் என்றாய். குறையாகச் சொல்லவில்லை, பல் தேய்க்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னாய். ஏழு வயசு. நான் பெற்ற பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம் அது.

என்னங்க, இங்க வாங்க என்று கத்தினேன். இரண்டு வருஷம் நான்கு மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு. கையில் இருந்த ஸ்பானரோடு ஓடிவந்தார், ஆஸ்பத்திரி வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை. உனக்கு உள்ளே மாவுக்கட்டு போடும்போது வெளியே வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை இருக்கிறதே, என் அப்பா, அந்தப் போன், அவர் வாசலில் நின்றது, நான் திரும்பிப் பார்க்காதது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தோம், நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அவர் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகுதான் நாங்கள் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போடும் ஜோடி ஆனோம், உனக்கே பத்து வயதில் பொறுக்கவில்லை, முன்ன மாதிரி எழுதிக்கோங்களேன் என்று காதைப் பொத்திக்கொண்டு சொன்னாய். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பெற்றோர் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதை இன்றைக்கே கழற்று. பத்து நாள் சண்டை வராமல் இருந்தது நல்ல சேதி இல்லை, கண்ணு. எங்கே குடியிருப்பது என்பது யோசிக்கிறேன், சரி என்று இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமா. எதிரெதிரே உட்கார்ந்து, அவர் அந்தத் தோட்டத்துப் பக்கமே ஏன் குடிபோக வேண்டும் என்கிறார் என்று கேள், நீ ஆய்வகத்தை விட்டால் உனக்குள் என்ன செத்துப்போகும் என்று சொல். அழுகை வந்தால் வரட்டும், குரல் உயர்ந்தால் உயரட்டும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, எனக்கு அவர்மேல் ஒரு குறையும் கிடையாது, உன் அப்பாவும் நல்ல மனுஷர்தான், நானும் கெட்டவள் இல்லை, இருந்தும் ஒரே வீட்டில் இரண்டு வருஷம் நான்கு மாதம் எங்களால் அப்படி இருக்க முடிந்தது. பேசி முடிவாகும்வரை அழைப்பிதழை அனுப்பாதே. கல்யாணம் தள்ளிப்போனால் போகட்டும், பாட்டில்கள் வாசலில் இருந்துவிட்டுப் போகின்றன, அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பேசிப் பார்த்து வேண்டாம் என்று ஆனாலும் இந்த வீட்டுக்கதவு உனக்குத் திறந்துதான் இருக்கும்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் கையெல்லாம் சோப்புத் தண்ணீர். கை ஒடிஞ்சதையும் எழுதிட்டியா என்று கேட்டார், எழுதிவிட்டேன் என்றேன். வாளியிலிருந்த பாட்டிலை எடுத்து அலசிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, நான் அன்னைக்குக் காலையிலயே சொல்லியிருக்கணும் என்றார். இத்தனை வருஷத்தில், இத்தனை சண்டையில், இதை மட்டும் அவர் சொன்னதில்லை. நானும் உங்களை அந்த வாசல்ல நிக்க வச்சிருக்கக் கூடாது என்றேன், அதை நானும் சொன்னதில்லை. பிறகு இரண்டு பேரும் தேநீர் குடித்தோம்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், மனசில் ஒன்றும் தேங்காமல் இருக்க வேண்டும், அதுதான் நானும் அப்பாவும் உனக்குக் கொடுக்கும் ஆசீர்வாதம். இதற்குப் பதில் கடிதம் எழுதாதே. போன் செய். இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று திட்ட வேண்டுமானால் வாய்விட்டுத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். எழுத மட்டும் வேண்டாம்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா