கூடை வலி என்று நினைத்தது

ஆடி 2, திங்கள்
விடிஞ்சதிலிருந்து மழை. நான் ஆயா வேலை பார்க்கிற எஸ்டேட் புள்ளக்காம்பராவில் தொட்டில் துணி ஒண்ணும் காயல. அடுப்புக்கு மேல கொடி கட்டினேன், எல்லாம் புகை நாத்தம்.

கைப்புள்ளைக்குப் பால் குடுக்க, கொழுந்து எடுக்கிற மலையிலிருந்து இறங்கி வந்த தங்கச்சி பாக்கியம், "அக்கா, மாசம் தள்ளிப்போச்சு" என்றாள். ஏற்கெனவே மூணு. கடைசிக்கு இன்னும் பல்லு முளைக்கல. புருஷன் காளிக்குச் சொல்லலையாம். சொன்னா பெத்துக்கோ என்பான், சுமக்கிறது அவனா? கூடலூர் மருந்துக்கடையில் கலைக்கிற குளிசை கேட்டிருக்கிறாள். கடைக்காரர் மலையாளத்தார், அவர் பேச்சிலும் அது குளிகதானாம். ஒரு கேள்வி இல்லாம எடுத்துத் தந்துட்டாராம்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எதுக்கு? லயத்து வீடு பூரா டமாரம் அடிக்கவா?"

ஆடி 4, புதன்
மழை. காலெல்லாம் அட்டைக்கடி.
"வந்துருச்சுக்கா." பாக்கியத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. குளிசை போட்டதில் ரத்தம் கொஞ்சமாத்தான், கறுப்பாப் படுதாம். எனக்கும் அப்பாடான்னு இருந்தது.

ஆடி 7, சனி
வாங்க: மண்ணெண்ணெய், சவுக்காரம், தைலம்.
பாக்கியத்துக்கு அடிவயித்தில் ஒரு பக்கம் மட்டும் வலி. தோள் உச்சியிலும். பக்கத்துக் காம்பரா ரங்கம்மா, கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், "கூடை இழுக்கறதுங்க, ஈரக் கொழுந்து கல்லாட்டம் கனக்குதுங்க" என்றாள். சரிதான்னு தைலம் தேய்ச்சேன். பாதியில் கை நின்னுபோச்சு. ரங்கம்மா கூடையைத் தோளில் மாட்டுறவள். நாங்க சிலோனில் பழகினபடி கயித்தைத் தலையில் போட்டுச் சுமக்கிறவங்க. பாக்கியத்துக்குத் தோள் ஏன் வலிக்கணும்?
"படுத்தா இன்னும் குத்துதுக்கா." லீவு போடச் சொன்னேன். கேட்டாத்தானே. பிடிவாதக்காரி. பயமா இருக்கு.

ஆடி 9, திங்கள்
காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே பாக்கியம் விழுந்துட்டாள். உதடு வெள்ளை, கை ஐஸ். கங்காணி, "சோறு திங்காம வந்திருப்பா, தேத்தண்ணி குடுங்க" என்றான். தேத்தண்ணியாம். நான் போட்ட சத்தத்தில் எஸ்டேட் ஜீப் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி. மடியில் போட்டுக்கொண்டு போனேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே. குளிசை விஷயத்தை டாக்டரம்மாவிடம் முதல் பேச்சிலேயே சொன்னேன். காளி பக்கத்தில்தான் நின்னான். நிக்கட்டும்.

ஆடி 10, செவ்வாய்
வயித்தைக் கிழிச்சுத்தான் காப்பாத்தினாங்க. ரத்தம் ஏத்துறாங்க. தண்ணி கேட்டாள், தரக்கூடாதாம்.
டாக்டரம்மா சொன்னது: "கரு கர்ப்பப்பையில இல்லம்மா, கருக்குழாய்ல இருந்திருக்கு. அந்த மாத்திரை அதை ஒண்ணும் செய்யாது. ரத்தம் பட்டதும் முடிஞ்சதுன்னு நெனச்சுட்டீங்க. குழாய் வெடிச்சு உள்ள ரத்தம் தேங்கினா தோள்ல வலிக்கும். முதல்லயே வந்திருந்தா சோதிச்சுப் பார்த்திருப்போம். கலைக்கணும்னாலும் இங்கேயே செய்யலாம், சட்டம் வந்தாச்சு. புருஷன் கையெழுத்துகூட வேணாம்."
சட்டம் வந்ததை எங்களுக்கு யாரு சொன்னா? கொழுந்து நிறுவை குறைஞ்சா மட்டும் ஓடி வந்து சொல்லத் தெரியுது.

ஆடி 12, வியாழன்
மழை விடல. லயத்தில் கேட்டவங்களுக்கெல்லாம் வயித்துக்கட்டின்னு சொல்லி வெச்சேன். காளியும் அதையே சொல்றான்.
குழாயடியில் ரங்கம்மா கிட்ட வந்து, "ஏனுங்க, பாக்கியத்துக்குக் கட்டி எடுத்தாச்சுங்களா?" என்றாள். அப்புறம் மெதுவா, "பாக்கியம் சொகமா இருந்தப்ப மிச்ச மாத்திரைய எனக்குக் குடுத்துச்சுங்க. எனக்கும் நாள் தள்ளிப்போச்சுங்க. நேத்து போட்டுட்டனுங்க. இன்னும் ரத்தம் வரலீங்க. இன்னும் ரெண்டு போடட்டுங்களா?"
கட்டி இல்லை, நடந்தது இதுதான்னு எல்லாத்தையும் சொன்னேன். குடம் நிறைஞ்சு வழியுது, ரெண்டு பேரும் பார்க்கல.
அவளுக்கும் எனக்கும் லீவு சொல்லியாச்சு. காலையில் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. எங்கேயாவது வலிக்குதான்னு கேட்டேன். சொல்லமாட்டேங்கிறாள்.