பொனட்டுக்குள்ள பச்சை நிறம்

இஞ்சாருங்கோ,

காரை நான்தான் கொண்டுபோறன், பொரளைக்கு, அக்கா வீட்டை. கீழ கார் விடுற இடத்தில போய்த் தேடாதேங்கோ. சோறும் சூடை மீன் குழம்பும் அடுப்படி மேசையில மூடி வைச்சிருக்கிறன்.

நாலு மணிக்குப் பேலியகொடையில இருந்து ஒராள் கார் பாக்க வருமெண்டு நேற்று மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா என்ரை பேருக்கு எழுதித் தந்த கார் அது. அந்தாளுக்குத் தேத்தண்ணி குடுத்து, விக்கிறதில்லை எண்டு நீங்களே சொல்லி அனுப்புங்கோ.

"ஒயில் ஒழுகுது, என்ஜின் முடிஞ்சுது, உனக்கு உதெல்லாம் விளங்காது" எண்டு சொன்னீங்கள். ரெண்டு நாளாய், நீங்கள் வேலைக்குப் போன பிறகு, பற்றரி வயரைக் கழட்டி, தண்ணி படக்கூடாத இடமெல்லாம் பொலித்தீன் பையால கட்டி, மண்ணெண்ணெய் போட்டுக் கிறீசைத் தேய்ச்சுக் கழுவினனான். அந்தக் கறுப்பு உரிஞ்சு வந்த பிறகுதான் என்ஜின் பச்சை நிறமெண்டே எனக்குத் தெரிஞ்சுது. எல்லாம் துடைச்சு, வயரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தன். என்ஜின்ரை மேல் மூடி ஓரத்தால ஒயில் கசிஞ்சுது. மூடியைக் கழட்டினால், கீழ ஒயிலை அடைக்கிற பழைய கோர்க் பட்டி வெடிச்சுப் போய்க் கிடந்தது. ஒயில் ஒழுகினது அதாலதான். புதுசு வாங்கிப் போட்டிட்டன். இப்ப நிலத்தில ஒரு சொட்டும் இல்லை, போய்ப் பாருங்கோ.

கோவமோ எண்டு கேப்பீங்கள். ஓம், கோவம்தான்.

உஷாந்தி

உங்கட நீலப் பல்பிரஷ் கிறீசில பழுதாப் போச்சு. புதுசு கண்ணாடிக்கு முன்னால இருக்கு.

நாளைக்கு உங்களை வேலைக்கு நான் கொண்டுபோய் விடுறன். பக்கத்துச் சீட்டில இருங்கோ. கியர் மாத்தச் சொல்லித் தராதேங்கோ.