எடுத்துவிட்ட தடை

சனிக்கிழமை, 14 செப்டம்பர் 1996. பிரிக்பீல்ட்ஸ்.

மகன் குமார் இன்று அம்பாங்கில் ஒரு வொர்க்‌ஷாப்பில் தன் டர்போ காரின் கம்ப்யூட்டருக்குப் புது சிப் போட்டுக்கொண்டு வந்தான். பவர் கூடுமாம். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டவிடாமல் கம்பெனி வைத்திருந்த தடையையும் எடுத்துவிட்டார்களாம்.

“குக்கர் குண்டை அழுத்திக் கட்டிவிட்டால் சோறு சீக்கிரம் வேகும்தான். பக்கத்தில் யாரப்பா நிற்பது?” என்று கேட்டேன்.

சிரித்தான். “அப்பா, பாய்லர் வேலையில இருந்து நீங்க ரிட்டயர் ஆகிட்டீங்க லா. அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு. இனி என்ன ஆகப்போகுது?”

என் மனைவி சொன்னதும் பாசாருக்குப் போய் அந்தப் பழங்களை வாங்கி வந்தவன் நான்தான்.

நாளை காப்பாரில், மருமகள் மலரின் அம்மா வீட்டில் வளைகாப்பு. மலருக்கு இது ஏழாம் மாதம். அந்தக் காரில்தான் அழைத்துப் போகிறான். பஸ்ஸில் போகலாமே என்று சமையலறையில் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

“வேணாம் மாமா, அவருக்குக் கோபம் வரும். நீங்களும் வந்து முன்னால உக்காந்துக்குங்க. நீங்க இருந்தா மெதுவாத்தான் ஓட்டுவாரு.”

வளைகாப்பு பெண்கள் காரியம் என்று வீட்டிலேயே இருக்க நினைத்திருந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எடுத்துவிட்ட தடைக்குப் பதிலாக நாளை நான் உட்கார்ந்திருப்பேன்.

பிரசவம் வரை மலர் அங்கேயே இருப்பாள். வாரா வாரம் அவளைப் பார்க்க அவன் தனியாகத்தான் போவான்.