அந்த வீட்டுப் பேராச்சி

அன்பு மகனுக்கு,

கிளாஸ்கோ குளிரும் நீயும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. சாரல் நிற்கவில்லை, துணி காயவில்லை. இதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து விளக்கம் சொல்வாய். அதனால் எழுதுகிறேன். தபாலில் போட நேரமில்லை, அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார்.

உன் புத்தகத்தைப் படித்தேன். நாற்பத்திரண்டில் செங்கோட்டைப் பாதையில் தந்திக் கம்பியை அறுத்தவர்கள். குற்றாலத்துத் தோப்பில் ஒளிந்தது. சோறு கொண்டுபோன பெண் கொலுசுக்கு ஆசைப்பட்டு அவர்களைப் போலீசில் காட்டிக்கொடுத்தது. பிள்ளைகள் போட்டி போட்டுப் படிக்கிறார்கள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு அதையே ஆண்டுவிழா நாடகமாகப் போடுகிறது. அப்பா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஜார் முழுக்க நடந்தார். இப்போது நடப்பதில்லை.

கம்பி அறுத்தவர் உன் தாத்தா. உன் கதையில் அவர் ஆதித்தன். பெயரை மாற்றிவிட்டாய். காட்டிக்கொடுத்தவளுக்கு மட்டும் பேராச்சி என்றே வைத்திருக்கிறாய். அடுத்த தெருப் பேராச்சி. செத்து வெகுகாலம் ஆனவள், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாயா? நம் ஊரில் மூத்தவர்களின் பெயர் யாருக்குப் போகிறது என்று உனக்குத் தெரியாதா? உனக்கே தாத்தாவின் பெயர்தான். மாமனார் பெயர் என்பதால் நான் இன்றுவரை அதை வாயால் சொன்னதில்லை, தம்பி என்றே கூப்பிட்டு வளர்த்தேன். அந்த வீட்டு முத்துசெல்வியின் மகளுக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பேராச்சி. ஏழாம் வகுப்பு.

ஏட்டி, எங்க டிபன் பாக்ஸ்ல என்ன இருக்குன்னு வெள்ளைக்காரன்ட்ட சொல்லிராத என்றார்களாம் பிள்ளைகள். அது முதல் நாள். மறுநாள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. தமிழ் வாத்தியார் ஜஸ்டின் வேடிக்கை என்று நினைத்து நாடகத்தில் அந்த வேஷத்தை இவளுக்கே கொடுத்தார். பேரு பொருத்தமா இருக்குல்லா என்றாராம். போன வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பேரை மாற்று, இல்லையென்றால் போகமாட்டேன் என்கிறாள். முத்துசெல்வி திங்கட்கிழமை டிசி வாங்கி ஆலங்குளத்தில் தங்கச்சி வீட்டில் விடப்போகிறாள். என்னிடம் சண்டை போடவில்லை. காய்கறிக் கடையில் பார்த்தபோது, உங்க மவன் நல்லா எழுதுதான் அத்தை, எங்க வீட்டுப் பேர மட்டும் மறக்கல பாத்தீங்களா என்றாள். முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புனைவு என்பாய். நம் வீட்டுக்கு மட்டும்தான் புனைவா? யார் சொல்லிப் போலீஸ் வந்தது என்று யாருக்கும் தெரியாது. சோறு கொண்டுபோனதற்காகப் பேராச்சியை ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள், அது ஊருக்கே தெரியும். அவளுடைய இடது கை கடைசிவரை மடங்கவில்லை. தாத்தா ஜெயிலிலிருந்து வந்த அன்று அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் நம் வீட்டுப் படியேறினார். அவரே உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ மடியில் உட்கார்ந்து கேட்டாய். அதெல்லாம் எங்கே போயிற்று? கொலுசு எங்கிருந்து வந்தது?

மறுபதிப்பில் பெயரை மாற்றுவதாகச் சொல்லி நிறுத்திவிடாதே. அதை நீ எப்படியும் செய்யத்தான் வேண்டும். படித்த பிள்ளைகள் படித்தாயிற்று. ஜஸ்டின் வாத்தியாருக்குப் போன் பண்ணி நாடகத்தை நிறுத்து. கொலுசு உன் கற்பனை என்று அந்த வகுப்பில் உன் குரலிலேயே சொல்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, அந்த மாமாவுக்கு என்னையப் புடிக்காதா ஆச்சி என்று கேட்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நீ தூக்கியிருக்கிறாய், உனக்கு நினைவிருக்காது. கேட்டுச் சொல்லுதேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்குள். பதிலை எனக்குச் சொல்லாதே, அவளுக்குச் சொல்.

உன் அம்மா,
மீனா
தென்காசி