சன்னல் திறந்தே இருக்கட்டும்

இப்போதுதான் கண் அசந்தாய், எழுப்ப மனம் வரவில்லை, எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு ரெண்டு வாயாவது ஊட்டு.

உன் தம்பி கூப்பிட்டால் காதில் விழவேண்டும் என்று அத்தை சன்னலைச் சாத்த விடமாட்டார். திறந்தே இருக்கட்டும். கொசுவலையை நம்பாதே, கடித்து வீங்க வைக்கிற இந்தப் பொடிப்பூச்சி அதற்குள்ளும் புகுந்துவிடும். மேசை விசிறியை அத்தை கால்மாட்டில் ஓடவிடு. காற்று அடித்தால் அதால் பறக்க முடியாது.

நேற்று நான் வந்ததும் கேட்டாயே, "தேடப் போன எல்லார் மூஞ்சியும் வீங்கிக் கெடக்கு, உங்க மூஞ்சி மட்டும் எப்படிப் பளிச்சுன்னு இருக்கு? எங்க உக்காந்துட்டு வந்தீங்க?" என்று. நின்றால்தான் அந்தப் பூச்சி மொய்க்கும். நடக்கிற ஆளை அதால் துரத்த முடியாது. மற்றவர்கள் கரையில் நின்று தண்ணீரையே பார்த்தார்கள். நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. நாணலுக்குள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன்.

இன்று நடக்க வேலையில்லை. கரையில் அவன் செருப்பு கிடைத்துவிட்டது. மூழ்கித் தேடுகிறவர்கள் விடிந்ததும் இறங்குவார்கள். அடையாளம் சொல்ல நான் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

நீ வராதே. வந்தே தீருவேன் என்றால் வெளிர் நிறத்தில் முழுக்கை போட்டு, தலையை மூடிக்கொண்டு வா.

செருப்பு விஷயம் அத்தைக்குத் தெரியவேண்டாம்.

இன்னொன்று. நான் திரும்பி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றால் எதுவும் கேட்காதே. போய் அந்தச் சன்னலைச் சாத்திவிடு.